யார் இந்த பீரு சிங்? பள்ளிக்கூடத்தை விட்டு வயலுக்குப் போனவர்... பரம்வீர் சக்ரா வரை உயர்ந்தது எப்படி?

1948 ஜூலை 18. அதிகாலை மணி 1.30. காஷ்மீரின் தித்வால் பகுதியில் ஒரு மலைமுகட்டை நோக்கி இந்திய ராணுவத்தின் ஒரு கம்பெனி இருட்டில் ஏறத் தொடங்கியது. அடுத்த அரை மணி நேரத்தில் அந்தக் கம்பெனியில் 51 பேர் சாய்ந்தார்கள். சிலர் உயிரிழந்தார்கள், மற்றவர்கள் காயம்பட்டுக் கிடந்தார்கள். அதன் பிறகும் ஒருவர் மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்.

அவர்தான் கம்பெனி ஹவில்தார் மேஜர் பீரு சிங் ஷெகாவத். ராஜஸ்தானின் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன். வயது 30. நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்ரா, அவர் இறந்த பிறகு அவருக்கு வழங்கப்பட்டது.

யார் இவர்? அந்த இரவில் என்ன நடந்தது? இந்தக் கதைக்கும் நம்ம ஊருக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

பீரு சிங் பிறந்தது 1918 மே 20. ஊர், இன்றைய ராஜஸ்தானின் ஜுன்ஜுனு மாவட்டத்தில் உள்ள ராம்புரா பேரி கிராமம். அப்பா பெயர் லால் சிங். வீட்டில் மொத்தம் ஏழு பிள்ளைகள்: மூன்று ஆண், நான்கு பெண். ஆண் பிள்ளைகளில் கடைசி பீரு சிங்.

ஜுன்ஜுனு இருக்கும் ஷெகாவாட்டி பகுதி வறண்ட நிலம். மழையை நம்பித்தான் விவசாயம். கம்பு மாதிரி தண்ணீர் அதிகம் கேட்காத பயிர்கள்தான் அங்கே கைகொடுக்கும். மழை பொய்த்தால் வருமானமும் பொய்க்கும். அதனால் வீட்டுக்கு ஒருவரையாவது ராணுவத்துக்கு அனுப்புவது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். இன்றும் ராணுவத்துக்கு அதிகம் பேரை அனுப்பும் மாவட்டங்களில் ஜுன்ஜுனு ஒன்று.

பீரு சிங்குக்கும் படிப்புக்கும் ஒத்துவரவில்லை. நான்கு சுவருக்குள் உட்கார்ந்திருப்பதே அவருக்குப் பிடிக்காது. ஒருநாள் கூடப் படித்த பையனோடு சண்டை. வகுப்பு ஆசிரியர் திட்டினார். அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினவர் திரும்பிப் போகவே இல்லை. அதற்குப் பிறகு அப்பா அம்மாவோடு வயல் வேலை. நேரம் கிடைத்தால் வேட்டை.

ஆனால் மனசு முழுக்க ராணுவம்தான். சேரப் போனபோது வயது போதாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். பையன் விடவில்லை. 1936 மே 20, அதாவது சரியாக 18 வயது நிறைந்த அன்றே, ஜீலம் நகரில் 1-வது பஞ்சாப் ரெஜிமென்ட்டில் சேர்ந்துவிட்டார்.

படிப்பை வெறுத்தவர் பயிற்சியாளர் ஆனது எப்படி?

இதுதான் அவருடைய வாழ்க்கையில் பலருக்கும் தெரியாத பகுதி.

பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடிய அதே பையன், ராணுவத்தில் சேர்ந்த சில ஆண்டுகளில் ராணுவக் கல்விச் சான்றிதழ் தேர்வை எழுதிப் பாஸ் செய்தார். காரணம் எளிது. அந்தக் காலத்தில் பதவி உயர்வு வேண்டும் என்றால் இந்தச் சான்றிதழ் தேவை.

1940 ஆகஸ்டில் லான்ஸ் நாயக் ஆனார். ஆப்கானிஸ்தானை ஒட்டிய வடமேற்கு எல்லைப்புறத்தில் பணியாற்றினார். 1941 மார்ச்சில் நாயக். பிறகு ஜீலத்தில் இருந்த பஞ்சாப் ரெஜிமென்ட் மையத்தில் பயிற்சியாளர் வேலை. 1942 பிப்ரவரியில் ஹவில்தார். 1945 மே மாதம் கம்பெனி ஹவில்தார் மேஜர். நடுவில் ஹாக்கி, கூடைப்பந்து, நெடுந்தூர ஓட்டம் என்று விளையாட்டிலும் ரெஜிமென்ட் பெயரைக் காப்பாற்றினார்.

இங்கே ஒரு கேள்வி வரும். இரண்டாம் உலகப் போரில் அவர் பர்மாவிலோ ஆப்பிரிக்காவிலோ சண்டை போட்டாரா? இல்லை. 1945 அக்டோபர் வரைக்கும் அவர் பயிற்சியாளர்தான். புதிதாக வந்த இளைஞர்களுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, போர்முனைக்கு அனுப்பி வைப்பதுதான் வேலை. போர் முடிந்ததும், தோற்றுப்போன ஜப்பானில் நிறுத்தப்பட்ட காமன்வெல்த் படையோடு அங்கே போனார். 1947 செப்டம்பர் வரை ஜப்பானில் இருந்தார்.

அதாவது, 11 ஆண்டு சர்வீஸ் போட்ட பிறகும் ஒரு பெரிய போரை அவர் நேரடியாகப் பார்த்ததில்லை.

ரெஜிமென்ட்டே இன்னொரு நாட்டுக்குப் போனது

ஜப்பானில் இருந்து திரும்பும்போது நாடு இரண்டாகியிருந்தது. ராணுவமும் பிரிக்கப்பட்டது. துப்பாக்கி, லாரி, மேஜை நாற்காலி வரைக்கும் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள். ரெஜிமென்ட்டுகளையும் பிரித்தார்கள்.

பீரு சிங் சேர்ந்த 1-வது பஞ்சாப் ரெஜிமென்ட் பாகிஸ்தானுக்கு ஒதுக்கப்பட்டது. அவர் பயிற்சி பெற்ற, பிறகு பயிற்சி கொடுத்த ஜீலம் நகரமும் பாகிஸ்தானுக்குள் போனது. அந்த ரெஜிமென்ட்டில் கலந்து இருந்த முஸ்லிம் வீரர்கள் அந்தப் பக்கம், இந்து, சீக்கிய வீரர்கள் இந்தப் பக்கம். ஒரே ரெஜிமென்ட்டில் இருந்தவர்கள் இரண்டு ராணுவமாக நின்றார்கள்.

பீரு சிங் இந்தியப் பக்கத்தில் 6 ராஜ்புதானா ரைபிள்ஸுக்கு மாற்றப்பட்டார். ராஜ்புதானா ரைபிள்ஸ் ரெஜிமென்ட்டின் 6-வது பட்டாலியன் என்று இதற்கு அர்த்தம். இந்திய ராணுவத்தின் மிகப் பழைய ரைபிள் ரெஜிமென்ட் இது. தொடங்கியது 1775.

தித்வாலில் ஏன் சண்டை?

1947 அக்டோபர் 22 அன்று பாகிஸ்தான் பக்கத்தில் இருந்து பழங்குடிப் படைகள் காஷ்மீருக்குள் நுழைந்தன. அக்டோபர் 26 அன்று மகாராஜா ஹரி சிங் இந்தியாவோடு இணையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். மறுநாளே இந்திய ராணுவம் விமானத்தில் ஸ்ரீநகரில் போய் இறங்கியது. முதல் இந்திய - பாகிஸ்தான் போர் இப்படித்தான் தொடங்கியது.

தித்வால் இருப்பது கிஷன்கங்கா ஆற்றங்கரையில். பாகிஸ்தானில் இதே ஆற்றுக்கு நீலம் என்று பெயர். முசாஃபராபாத் பக்கம் போவதற்கான வழியில் இருப்பதால், தித்வால் யார் கையில் இருக்கிறது என்பது இரண்டு பக்கத்துக்கும் முக்கியம்.

1948 மே 23 அன்று இந்தியப் படை தித்வாலைக் கைப்பற்றியது. பாகிஸ்தான் தரப்பு சும்மா இருக்கவில்லை. ஜூலை தொடக்கத்தில் பலமான எதிர்த்தாக்குதல். சில முன்னணி நிலைகளை விட்டுவிட்டு இந்தியப் படை ஆற்றுக்கு இந்தப் பக்கம் பின்வாங்க வேண்டி வந்தது. நிலைமையைச் சமாளிக்க ஊரியில் இருந்த 6 ராஜ்புதானா ரைபிள்ஸ் அவசரமாக இங்கே அனுப்பப்பட்டது.

ஜூலை 11 அன்று இந்தியத் தரப்பின் தாக்குதல் தொடங்கியது. நான்கு நாள் முன்னேற்றம். பிறகு ஒரு முட்டுக்கட்டை. எதிரே உயரமான ஒரு மலைப்பகுதி எதிரியின் கையில். அதைப் பிடிக்காமல் ஓர் அடிகூட முன்னால் போக முடியாது. அதற்குப் பின்னால் இன்னொரு குன்று. இரண்டையும் பிடிக்கும் பொறுப்பு 6 ராஜ்புதானா ரைபிள்ஸுக்கு வந்தது. முதல் மலையை டி கம்பெனி பிடிக்க வேண்டும். அது முடிந்ததும் அடுத்ததை சி கம்பெனி பிடிக்க வேண்டும். பீரு சிங் இருந்தது டி கம்பெனியில்.

ஒரு புடவை அகலம்கூட இல்லாத பாதை

மேலே போக இருந்தது ஒரே ஒரு பாதை. அதன் அகலம் ஒரு மீட்டர்தான். பெரிய காஞ்சிபுரத்துத் தறியில் நெய்யும் பட்டுப் புடவையின் அகலம் 48 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 1.2 மீட்டர். அந்தப் புடவையை விரித்துப் போட்டால்கூட பாதைக்கு வெளியே தொங்கும். இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். மேலே, பாதையைப் பார்த்தபடி எதிரியின் பதுங்கு குழிகள் மறைந்திருந்தன.

இப்படி ஒரு இடத்தில் தாக்குவது ஏன் கடினம்? சமவெளியில் நூறு பேர் அகலமாகப் பரவி முன்னேறலாம். சுடுபவருக்கு எல்லோரையும் ஒரே நேரத்தில் குறிவைக்க முடியாது. ஆனால் ஒரு மீட்டர் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். மேலே ஒரே ஒரு மெஷின் கன் இருந்தாலும் மொத்த வரிசையும் அதன் குறியில் இருக்கும். ஒதுங்கவும் இடம் இல்லை. இருட்டு மட்டும்தான் மறைவு. அதனால்தான் அதிகாலை 1.30 மணிக்குக் கிளம்பினார்கள்.

மெஷின் கன் சுடத் தொடங்கியதும் அந்த மறைவும் போனது. அரை மணி நேரத்தில் 51 பேர் விழுந்தது இப்படித்தான்.

கடைசி நிமிடங்கள்

பீரு சிங் இருந்தது எல்லோருக்கும் முன்னால் போன செக்‌ஷனில். அந்தச் செக்‌ஷனில் பாதிக்கு மேல் தொடக்கத்திலேயே வீழ்ந்தார்கள்.

கம்பெனி ஹவில்தார் மேஜர் என்பவர் யார் என்று இங்கே சொல்ல வேண்டும். கம்பெனியின் ஒழுங்கு, வீரர்களின் தேவை, வெடிமருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மூத்த ஹவில்தார் அவர். கம்பெனி கமாண்டருக்கும் சிப்பாய்களுக்கும் நடுவில் நிற்கும் ஆள். வீட்டில் மூத்த அண்ணன் மாதிரி.

தன் ஆட்கள் கண்முன்னே விழுவதைப் பார்த்தவர் நிற்கவில்லை. அதிகச் சேதம் உண்டாக்கிக்கொண்டிருந்த மீடியம் மெஷின் கன் நிலையை நோக்கி, 'ராஜா ராமச்சந்திர கி ஜே' என்று ரெஜிமென்ட்டின் போர் முழக்கத்தைக் கத்திக்கொண்டே ஓடினார். குண்டுச் சிதறல்கள் உடையைக் கிழித்து உடம்பில் பல இடங்களில் பாய்ந்தன. அதோடு ஓடியவர், ஸ்டென் கன்னால் அந்த மெஷின் கன் ஆட்களைச் சுட்டு, பயனெட்டால் குத்தி அதை அடக்கினார்.

திரும்பிப் பார்த்தார். கூட வந்த செக்‌ஷனில் யாரும் எழுந்து நிற்கவில்லை. எல்லோரும் இறந்தோ காயம்பட்டோ கிடந்தார்கள். இப்போது அவர் தனி ஆள்.

அந்த நேரத்தில் ஒரு கையெறி குண்டு அவர் முகத்தின் மீது வெடித்தது. கண்ணில் ரத்தம் வழிந்து பார்வை மங்கியது. ஸ்டென் கன்னில் தோட்டாவும் தீர்ந்துபோயிருந்தது. பிடித்த குழியில் இருந்து ஊர்ந்து வெளியே வந்து, அடுத்த நிலையின் மீது கையெறி குண்டுகளை வீசினார். பிறகு இரண்டாவது குழிக்குள் குதித்து, அங்கிருந்த இருவரைப் பயனெட்டால் குத்தினார்.

இரண்டாவது குழியில் இருந்து வெளியேறி மூன்றாவதை நோக்கிப் போகும்போது தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. சாய்ந்தார். அதே நொடியில் எதிரியின் குழிக்குள் ஒரு வெடிச்சத்தம். கடைசியாக அவர் வீசிய கையெறி குண்டு போய்ச் சேர்ந்திருந்தது.

இதையெல்லாம் பார்த்தது யார்?

நியாயமான கேள்வி. கூட இருந்தவர்கள் எல்லோரும் வீழ்ந்துவிட்டால், இவ்வளவும் வெளியே தெரிந்தது எப்படி?

டி கம்பெனிக்குத் துணையாகத் துப்பாக்கிச் சூடு நடத்திக்கொண்டிருந்த சி கம்பெனியின் கமாண்டர், சுமார் 200 கஜ தூரத்தில் இருந்து இந்தக் காட்சியைப் பார்த்திருக்கிறார். பெரிய வீர விருதுகளுக்குச் சாட்சியம் முக்கியம். உயிரோடு இல்லாத ஒருவருக்காக வேறு யாராவது நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு வந்த கடிதம்

பீரு சிங்கின் அம்மாவுக்கு அப்போது 75 வயது. பிரதமர் ஜவஹர்லால் நேரு அவருக்குக் கடிதம் எழுதினார். மகன் தன் துணிச்சலுக்கு உயிரையே விலையாகக் கொடுத்தார், கூட இருந்தவர்களுக்கு ஒரு முன்மாதிரியை விட்டுச் சென்றார், நாடு நன்றியோடு இருக்கிறது, இது உங்களுக்குக் கொஞ்சமாவது ஆறுதல் தரட்டும் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

வயல் வேலைக்குத் துணையாக இருந்த கடைசிப் பையன் 18 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினான். 12 ஆண்டுகள் கழித்து வந்தது கடிதம். உலகப் போர் முழுக்கப் பத்திரமாக இருந்தவன், அது முடிந்து மூன்று ஆண்டுகள் ஆன பிறகு போய்விட்டான். அந்தத் தாய்க்கு ஒரு பிரதமரின் கையெழுத்து எவ்வளவு ஆறுதல் தந்திருக்கும்?

பரம்வீர் சக்ரா என்றால் என்ன?

பீரு சிங் இறந்தபோது பரம்வீர் சக்ரா என்ற விருதே கிடையாது. பிரிட்டிஷ் காலத்து விக்டோரியா கிராஸுக்குப் பதிலாக சுதந்திர இந்தியாவுக்கு என்று ஒரு விருது 1950 ஜனவரி 26 அன்றுதான் உருவாக்கப்பட்டது. ஆனால் 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு நடந்த வீரச் செயல்களுக்கும் அது பொருந்தும் என்று முன்தேதியிட்டு அறிவித்தார்கள். அதனால்தான் காஷ்மீர் போர் வீரர்களுக்கும் அது கிடைத்தது.

பதக்கத்தை வடிவமைத்தவர் சாவித்ரி கானோல்கர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரியைத் திருமணம் செய்துகொண்டு இந்தியராகவே வாழ்ந்தவர். பதக்கத்தில் இருக்கும் இந்திரனின் வஜ்ராயுதம், தன் எலும்பையே ஆயுதம் செய்யக் கொடுத்த ததீசி முனிவரின் கதையை நினைவுபடுத்துவது.

இதுவரை இந்த விருதைப் பெற்றவர்கள் 21 பேர்தான். அதில் 14 பேருக்கு இறந்த பிறகே வழங்கப்பட்டது. 1947-48 போருக்காகப் பெற்றவர்கள் ஐந்து பேர்:

- மேஜர் சோம்நாத் சர்மா (1947 நவம்பர் 3, பட்காம்)
- நாயக் ஜதுநாத் சிங் (1948 பிப்ரவரி 6, நௌஷேரா பகுதி)
- இரண்டாம் லெப்டினென்ட் ராம ரகோபா ராணே (1948 ஏப்ரல்)
- கம்பெனி ஹவில்தார் மேஜர் பீரு சிங் (1948 ஜூலை, தித்வால்)
- லான்ஸ் நாயக் கரம் சிங் (1948 அக்டோபர் 13, தித்வால்)

இந்த ஐந்தில் ஜதுநாத் சிங், பீரு சிங், கரம் சிங் மூவருமே விவசாயக் குடும்பத்தில் இருந்து சிப்பாயாகச் சேர்ந்தவர்கள். இதில் ராணேவும் கரம் சிங்கும் மட்டும்தான் உயிரோடு திரும்பினார்கள்.

தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

தித்வால் சண்டை வடக்கத்தியர்கள் மட்டும் போட்ட சண்டை இல்லை. தென்னிந்திய வீரர்களைக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் போர்க் கௌரவங்களில் 'தித்வால்' என்ற பெயரும் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இதன் தலைமையிடம். 'வீர மதராசி, அடி கொல்லு அடி கொல்லு' என்பது இவர்களின் போர் முழக்கம்.

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இன்னும் நெருக்கமான ஒரு தொடர்பும் உண்டு. காஞ்சிபுரத்தில் இருந்து செங்கல்பட்டு போகும் வழியில் இருக்கும் வாலாஜாபாத், 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ராணுவ முகாமாக இருந்த ஊர். அந்த ஊரின் பெயரைத் தாங்கிய 'வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி' என்ற படைப்பிரிவு இருந்தது. இன்றும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 4-வது பட்டாலியன் அந்தப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்தே வைத்திருக்கிறது. பஸ்ஸில் தினமும் அந்த ஊரைத் தாண்டிப் போகும் பலருக்கு இது தெரியாது.

பரம்வீர் சக்ரா பெற்றவர்களில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் ஒருவர். மகார் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த இந்தத் தமிழர், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் நடந்த மோதலில் உயிரிழந்தார்.

பிறகு என்ன ஆனது?

காஷ்மீரில் சண்டை நிறுத்தம் அமலுக்கு வந்தது 1949 ஜனவரி 1 அன்று. பீரு சிங் இறந்து ஐந்தரை மாதம் கழித்து. தித்வால் இந்தியாவிடமே இருந்தது. இன்று அது குப்வாரா மாவட்டத்தில், எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டை ஒட்டிய கடைசி கிராமங்களில் ஒன்று. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாகிஸ்தான் வசம் இருக்கும் பகுதி. 2023 மார்ச்சில் அங்கே சாரதா தேவி கோயில் திறக்கப்பட்ட பிறகு, வெளியூர்க்காரர்களும் போக ஆரம்பித்திருக்கிறார்கள்.

1980-களில் இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷன் தன் 15 எண்ணெய்க் கப்பல்களுக்குப் பரம்வீர் சக்ரா வீரர்களின் பெயரை வைத்தது. அதில் ஒன்று பீரு சிங் பெயரில் ஓடியது. 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் பெயரில்லாமல் இருந்த 21 பெரிய தீவுகளுக்கு 21 வீரர்களின் பெயர் சூட்டப்பட்டது. அதில் ஒரு தீவு பீரு சிங் பெயரில் இருக்கிறது. கடலே இல்லாத ஷெகாவாட்டி மண்ணில் பிறந்தவரின் பெயர் இப்போது கடல் நடுவே.

ஆனால் அந்த இரவில் அதே ஒரு மீட்டர் பாதையில் வீழ்ந்த மற்றவர்களின் பெயரில் தீவும் இல்லை, கப்பலும் இல்லை. அவர்களிலும் பலர் ஏதோ ஒரு கிராமத்தில் வயலை விட்டுக் கிளம்பி வந்தவர்கள்தான். பீரு சிங் தனியாக ஓடிய அந்தச் சில அடி தூரத்துக்குக் கொண்டுபோய் விட்டது அவர்களும் சேர்ந்துதான்.